லைக் இருக்கிறது, ஓடர் வரவில்லை: வெள்ளவத்தைப் பலகாரத் தங்கச்சிக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். அம்மாவும் நீங்களும் வெள்ளவத்தையில் வீட்டிலேயே பலகாரமும் கறித்தூளும் செய்து விற்கிறீர்கள். பேஸ்புக் பேஜ் தொடங்கி ஒன்றரை வருடம். 6,200 லைக் இருக்கிறது, ஆனால் மாதம் பத்து ஓடர்கூட வருவதில்லை. அதனால் பேஸ்புக்குக்குக் காசு கொடுத்துப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டுவதா, அதாவது பூஸ்ட் பண்ணுவதா, டிக்டொக்குக்குப் போவதா என்று கேட்கிறீர்கள். கூடவே, அம்மாவுக்கு முகம் காட்ட விருப்பமில்லை, எனக்கும் கூச்சமாக இருக்கிறது, முகம் காட்டாமல் ஒரு பெயர் எடுக்க முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இத்தனை பேர் பார்த்தும் ஏன் வாங்கவில்லை? அதைக் கண்டுபிடிக்காமல் பூஸ்ட் பண்ணினால் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் கூடுவார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பன்னிரண்டு வருடமாகக் கொழும்பில் சின்ன வியாபாரங்களுக்குச் சமூக வலைத்தள விளம்பர வேலையைச் செய்து வருகிறேன். புடவைக் கடை, தையல், பிறந்தநாள் கேக், டியூஷன் வகுப்பு, இப்படி. பெரிய கம்பனிகளின் விளம்பரமோ ஏற்றுமதியோ என் அனுபவத்தில் இல்லை, எனவே கீழே எழுதுவதை ஒன்றிரண்டு பேர் நடத்தும் வீட்டு வியாபாரத்துக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 6,200. உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது: போன வருடம் மிக்சி பரிசு வைத்துப் போட்டி நடத்தினோம், அப்போதுதான் லைக் ஏறியது என்கிறீர்கள். அப்படியென்றால் வந்தவர்களில் பெரும்பாலானோர் மிக்சிக்கு வந்தவர்கள். அவர்கள் தம்புள்ளையிலும் இருக்கலாம், அக்கரைப்பற்றிலும் இருக்கலாம், பயற்றம் பணியாரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியமானது, லைக் பண்ணியவர் எல்லோருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேருவதில்லை. 2018 ஜனவரியில் பேஸ்புக், பதிவுகளை வரிசையாகக் காட்டும் தன் நியூஸ் ஃபீடை மாற்றி, நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுக்கப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. பேஜ்களின் பதிவுகள் அதற்குப் பிறகு பின்னுக்குப் போயின, அந்த நேரம் இந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். இப்போது ஒவ்வொருவருக்கும் எதைக் காட்டுவது என்பதை, அவர் முன்பு எதில் நின்று பார்த்தார், யாரோடு கதைத்தார் என்பதை வைத்துத்தான் அது கணிக்கிறது. உங்கள் பதிவை ஒருபோதும் திரும்பிப் பார்க்காத ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது நீங்கள் செய்த பிழை என்றும் நினைக்க வேண்டாம், ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், நானே என் வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது இன்பொக்ஸ். விஷயம் இருப்பது அங்கேதான். சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் சாரி பிளவுஸ் தைக்கும் ஓர் அக்கா இதே முறைப்பாட்டோடு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய தையல் மேசையில் உட்கார்ந்து, அவருடைய போனை வாங்கி, ஒரு மாதத்து மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வேலைப்பாடு அவ்வளவு அழகு, படங்களுக்குக் கீழே "எவ்வளவு?", "விலை ப்ளீஸ்" என்று கொமன்ட் வரிசையாக நின்றது. எல்லாவற்றுக்கும் அவர் எழுதியிருந்த பதில் "இன்பொக்ஸ் பாருங்கள்". இன்பொக்ஸில் போய்ப் பார்த்தால் "ஹாய் டியர்" என்று அவர் எழுதியிருக்கிறார், அதுவும் கேட்டு நாலு மணித்தியாலம் கழித்து, ஏனென்றால் பகலில் மெஷினில் இருப்பார். கேட்டவர் திரும்ப "எவ்வளவு?" என்கிறார். இவர் "என்ன மாடல்?" என்கிறார். அதோடு சரி, ஆள் போய்விட்டார். ஒரு பிள்ளை கல்யாணத் திகதியையும் எழுதி, துணியின் படத்தையும் அனுப்பியிருந்தது. அந்த மெசேஜை அக்கா பார்த்ததே மூன்று நாள் கழித்துத்தான். அதை வாசித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கேட்டு வந்தவர்களில் பாதிக்கு மேல் கேட்டது விலை மட்டும்தான், அதைச் சொல்லாமலே அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். பேஜ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

உங்கள் பேஜைப் பார்த்தேன். படம் இருக்கிறது, "ஓடர்களுக்கு அழைக்கவும்" இருக்கிறது, விலை எங்கேயும் இல்லை. விலை போட்டால் மற்றவர்கள் பார்த்துக் குறைத்து விற்பார்கள் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். போட்டிக்காரருக்கு உங்கள் விலை எப்படியும் தெரியும், ஒரு போன் போட்டால் போதும். தெரியாமல் போவது வாங்க நினைத்தவருக்குத்தான். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஆட்களில் அதிகம். கேட்டுவிட்டு வாங்காமல் விட்டால் மரியாதை இல்லையே என்று நினைத்துக் கேட்காமலே போய்விடுவார்கள். எனவே ஒவ்வொரு படத்தின் கீழும் நிறை, விலை, எத்தனை நாளைக்கு முன் சொல்ல வேண்டும், எந்த இடம் வரை கொண்டுவந்து தருவீர்கள் என்ற நாலு விஷயத்தையும் எழுதுங்கள். கொமன்டில் யாராவது கேட்டால் கொமன்டிலேயே பதில் சொல்லுங்கள், ஒருவர் கேட்டதற்குச் சொன்ன பதிலைக் கேட்காத பத்துப் பேர் வாசிப்பார்கள். மொழியையும் கவனியுங்கள்: வெள்ளவத்தையில் உங்கள் முறுக்கை வாங்கப் போகிறவர்களில் சிங்களக் குடும்பங்களும் இருப்பார்கள், தமிழ்ப் பிள்ளைகளே போனில் ஆங்கில எழுத்தில்தான் முறுக்கு என்று தட்டித் தேடுகிறார்கள். தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி போடுங்கள். சிங்கள வரியைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிப் பலகாரப் பெயர் எழுதி வெட்கப்பட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள் வருவது பேஸ்புக்கில் என்றாலும் வியாபாரம் முடிவது வட்ஸ்அப்பில். கொழும்பில் சின்ன வியாபாரத்துக்கு இது எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்லக்கூடிய விஷயம். 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். அதில் சாமான்களைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்கலாம், அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்து வைத்து ஒரு தட்டில் அனுப்பலாம், நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது "மாலை ஆறு மணிக்குள் பதில் தருவோம்" என்று தானாகவே போக வைக்கலாம். அதற்கு வேறு சிம் ஒன்று எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்களின் இன்பொக்ஸில் என்னென்ன மெசேஜ் வருகிறது என்று எனக்குத் தெரியும், உங்கள் சொந்த நம்பர் அங்கே இருக்கவே கூடாது. வீட்டு இலக்கத்தையும் பேஜில் போட வேண்டாம், தெருப் பெயர் போதும், ஓடர் உறுதியான பிறகு முகவரி சொல்லலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். எனவே பார்சல் கொடுக்கும்போது, "இந்த நம்பரை சேவ் பண்ணி வையுங்கோ, பண்டிகைக்கு என்ன செய்கிறோம் என்று முன்கூட்டியே சொல்கிறோம்" என்று வாயால் சொல்லுங்கள். சம்மதித்தவரை மட்டும் சேருங்கள், மாதம் இரண்டு தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள். அப்படிச் சேர்ந்த நூறு பேர் உங்கள் 6,200ஐவிடப் பெறுமதியானவர்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடிவேல், தீபாவளி என்று வருடத்தில் நாலைந்து தடவை அவர்களுக்கே நேரே சொல்லி விற்கலாம்.

உங்கள் இடத்துக்கே உரிய ஒரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். இராமகிருஷ்ண வீதியிலும் ஹம்டன் லேனிலும் அந்தப் பக்கத்து மாடி வீடுகளிலும் பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்க, தாய் தகப்பன் தனியாக இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சாப்பிடுபவர் இங்கே, காசு கொடுப்பவர் அங்கே. "கொழும்பில் இருக்கும் அம்மாவுக்கு அரியதரம் அனுப்ப வேண்டுமா" என்று ஒரே ஒரு பதிவு போட்டு, அதை வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் கொடுத்து அவர்களின் குடும்பக் குழுக்களில் போடச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. எனவே காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த மெசேஜ்களைப் பாருங்கள். பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், அந்த அம்மா சம்மதித்தால், பெட்டியோடு ஒரு படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். பேஜில் போட வேண்டாம், அனுப்புவது மட்டும். அந்தப் பிள்ளை தானாகவே நாலு பேரிடம் சொல்லும், நான் பார்த்த அளவில் இதற்கு ஈடான விளம்பரம் வேறில்லை. காசு விஷயத்தில் மட்டும் கவனம்: வங்கி சிலிப் என்று அனுப்பும் படத்தை மாற்றி எடுப்பது சுலபம், உங்கள் கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்புங்கள்.

சரி, பூஸ்ட். மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகு பண்ணலாம், அதுவும் ஒரு பரீட்சையாக. பேஸ்புக்கின் விளம்பர இயந்திரம் நீங்கள் கேட்டதையே கொண்டுவந்து தரும், லைக் கேட்டால் எதைக் கண்டாலும் லைக் பண்ணுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும். எனவே இலக்கைத் தெரிவு செய்யும் இடத்தில் மெசேஜ் வருவதைத் தெரிவு செய்யுங்கள். இடத்தை இலங்கை முழுவதும் என்று விடாதீர்கள், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று உங்களால் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய சில கிலோமீற்றருக்குள் வையுங்கள். தமிழ் மொழி என்று தெரிவு செய்தால் தமிழர்களுக்குப் போகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நம் ஆட்களில் நிறையப் பேர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், அந்தத் தெரிவைப் போட்டால் அவர்களை இழந்துவிடுவீர்கள். ஐஃபோன் என்றால் செயலிக்குள் இருந்து பூஸ்ட் பண்ண வேண்டாம், கணினியிலோ இணைய உலாவியிலோ செய்யுங்கள். செயலிக்குள் செய்யும் பூஸ்டுக்கு ஆப்பிளின் 30 வீதக் கட்டணம் சேரும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024இல் அறிவித்தது, முதலில் அமெரிக்காவில் தொடங்கியது.

கணக்கு இப்படிப் பாருங்கள். உதாரணத்துக்கு 4,000 ரூபாய் போட்டீர்கள், 25 பேர் மெசேஜ் பண்ணினார்கள், எட்டுப் பேர் வாங்கினார்கள் என்றால் ஓர் ஆளுக்கு 500 ரூபாய் செலவு. ஒரு பொதியில் உங்களுக்கு மிஞ்சுவது 180 ரூபாய் என்றால் அன்றைக்கு நட்டம். அந்த எட்டுப் பேரில் நாலு பேர் தீபாவளிக்குத் திரும்ப வந்து ஆளுக்கு நாலு பொதி வாங்கினால் நட்டம் இல்லை. ஆகவே யார் எங்கிருந்து வந்தார்கள், திரும்ப வந்தார்களா என்று ஒரு கொப்பியில் எழுதாமல் பூஸ்ட் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. செலவை எழுதும்போது வங்கி அட்டைக் கணக்கில் கழிந்த தொகையையே எழுதுங்கள், திரையில் காட்டியதைவிட அது கூடுதலாக இருக்கலாம்.

டிக்டொக், இன்ஸ்டகிராம் பற்றி. இந்தப் பகுதியில்தான் ஊகத்தை உண்மை மாதிரி விற்பவர்கள் அதிகம். இரவு எட்டு மணிக்குப் போட்டால் ஓடும், ஒரு நாளைக்கு மூன்று போட வேண்டும், முப்பது ஹேஷ்டேக் வேண்டும் என்பார்கள். இதில் எதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஒரே நேரத்தில் போட்ட இரண்டு வீடியோவில் ஒன்று ஓடி ஒன்று படுத்துக்கொண்டதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓரளவு நம்பக்கூடியது அந்தந்த நிறுவனமே சொல்வது. இன்ஸ்டகிராமின் தலைவர் அடம் மொசேரி 2025 தொடக்கத்தில் சொன்ன மூன்று முக்கிய விஷயங்கள்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் பண்ணுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா. ஹேஷ்டேக் பெரிதாக உதவாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். இந்த மூன்றில் அனுப்புவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இதை அக்காவுக்கு அனுப்ப வேண்டும்" என்று தோன்ற வைப்பது எது? அரியதரம் ஏன் வெடிக்கிறது, மோர் மிளகாய் எத்தனை நாள் காய வேண்டும், தூளுக்கு மல்லியை எந்த நிறம் வரும்வரை வறுப்பது. அம்மாவுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தால் ஆட்கள் தாங்களே செய்துவிடுவார்களோ என்று யோசிக்காதீர்கள், கொழும்பில் அலுவலகம் போய் வருகிறவர்களுக்கு அதற்கு நேரமில்லை, ஆனால் தெரிந்த கையால் செய்யப்படுகிறது என்ற நம்பிக்கை வரும். இரண்டு செயலிக்கும் ஒரே வீடியோ போதும், தனித்தனியாக எடுத்துக் களைத்துப் போக வேண்டாம். பிஸ்னஸ் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டால் சத்தத்தை எடுத்துவிடக்கூடும், வணிகத்துக்கு அனுமதித்த இசை மட்டும்தான் போடலாம்.

இதுவே உங்கள் முகக் கேள்விக்கும் பதில். முகம் தேவையில்லை, கை போதும். முதல் நாள் குழைத்து வைத்த அரியதர மாவை அம்மா தட்டி எண்ணெயில் விட, அது மேலெழும்பி வரும் சத்தமும், அவருடைய குரலில் இரண்டு வார்த்தையும். இதில் அம்மாவை எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. பெயர் எடுப்பது என்றால் ஒரே மாதிரி இருப்பதுதான்: ஒரே தட்டு, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே குரல், சொன்ன நாளில் வந்து சேரும் பார்சல். கூச்சம் போய் ஒரு நாள் முகம் காட்டத் தோன்றினால் காட்டுங்கள், யாருடைய வற்புறுத்தலுக்காகவும் வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: "சீனி வருத்தத்துக்கு நல்லது", "கொழுப்பு இல்லை" என்று ஆசையில் எழுதிவிடாதீர்கள். உணவைப் பற்றிப் பிழையான எண்ணம் தரும்படி விளம்பரம் செய்வதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடை செய்கிறது. பொதியில் நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி மூன்றும் தெளிவாக இருக்கட்டும், அதைக் கிட்ட இருந்து எடுத்த படமும் பேஜில் இருக்கட்டும்.

கடைசியாக, இவ்வளவும் செய்து பேஜையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு புடவைக் கடையின் பேஜை ஆரம்பத்தில் ஒரு டிசைன் பையன் தன் கணக்கில் திறந்து கொடுத்திருந்தான், நானும் வேலையை எடுக்கும்போது அதைச் சரிபார்க்கவில்லை. அவன் வெளிநாடு போனான், கணக்கு முடங்கியது, ஏழு வருடத்து வாடிக்கையாளர்களோடு பேஜ் போயிற்று, திரும்பக் கிடைக்கவே இல்லை. உங்கள் பேஜில் முழு அனுமதியோடு நீங்களும் நம்பிக்கையான இன்னொருவரும் இருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள், கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். "விதியை மீறியதால் உங்கள் பேஜ் மூடப்படும், இதை அழுத்துங்கள்" என்று மெட்டா பெயரில் வரும் மெசேஜ் கடவுச்சொல்லைத் திருடுவதற்கு வருவது, அழுத்தாதீர்கள். அதோடு 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக வலைத்தளங்களையே தடை செய்தார்கள், 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் முழுக்க பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலம் நின்றன. அந்த நாட்களில் ஓடர் எடுத்தவர்கள் வாடிக்கையாளரின் போன் நம்பரைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்கள்தான்.

தீபாவளிக்கு இன்னும் ஆறு கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமை பூஸ்டும் வேண்டாம், டிக்டொக்கும் வேண்டாம். ஒரு பின்னேரம் அம்மாவோடு உட்கார்ந்து கடந்த இரண்டு மாத இன்பொக்ஸைத் திறந்து, எத்தனை பேர் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை நேரத்தில் பதில் போனது, எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று எண்ணுங்கள். அந்த நாலு விவரத்தையும் இங்கேயே எழுதுங்கள், விலைப் பதிவை எப்படி எழுதுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.